நாரையைக் கேட்ட வாய்

1977, தை மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி பஸ்ஸில் திருச்சியை விட்டுக் கிளம்பினேன். காரைக்குடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய் சொச்சம். மூன்று மணி நேரத்தில் போய்விடும் என்று கண்டக்டர் சொன்னான். கீரனூர் வருவதற்குள் டயர் போய், நாலு மணி நேரம் ஆயிற்று.

நான் போன கிராமத்தின் பெயரை எழுதமாட்டேன். நாச்சியாபுரத்தில் இறங்கி நடந்து போகிற தூரம். பெரிய கண்மாய். கண்மாய்க்குள் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். பெயரை எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எவனாவது ஒருவன் ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்பான். நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

எனக்குத் தொழில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம். இதிலேயே தலை நரைத்துவிட்டது. போன வருஷம் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டு நிக்காஹ்வுக்குப் போனேன். கூலிக்குப் பதிலாக ஒரு லென்ஸைக் கொடுத்தார். அது வந்த பிறகுதான் எனக்கு இந்தப் பறவைப் பைத்தியம் பிடித்தது.

அது ஜூம் லென்ஸ். எண்பது மில்லிமீட்டரிலிருந்து இருநூறு வரைக்கும் போகும். இதே வேலைக்கு நான் முன்பு பார்த்த லென்ஸ்கள் எல்லாம் குழாய் மாதிரி நீளம். முக்காலி இல்லாமல் தூக்க முடியாது. இது ஒரு சாண்தான். கையிலேயே பிடித்துக்கொண்டு, குழலை முன்னே தள்ளினால் விலகும், பின்னே இழுத்தால் கிட்டே வரும். ஒரே கையில் தூரத்தையும் தெளிவையும் சரி செய்துவிடலாம். குறையும் உண்டு. மரத்து உச்சியைப் பார்த்துத் தூக்கினால் குழல் தன் பாட்டுக்குச் சரிந்து இறங்கிவிடும். வெளிச்சமும் அதிகம் வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நல்லபடியாக வரும்.

புதுக்கோட்டையில் ஒரு ஜவுளி வியாபாரி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பி, வெள்ளைத் தாடி, மடியில் இரண்டு மூட்டை. லென்ஸை நான் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இது துப்பாக்கிக்கு மாட்டுற கண்ணாடியா?"

"கேமராவுக்கு மாட்டுறது. பறவை பிடிக்கப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிடிச்சு? வளக்கவா, விக்கவா?"

"படம் பிடிக்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்ப எடுக்கப் போறேன்னு சொல்லுங்க. எங்க பக்கம் படம் எடுப்பாக. பிடிக்கிறதுன்னா கையிலதான்."

"படம் எடுக்கிறது பாம்பு. எங்க தொழில்ல பிடிக்கிறதுன்னுதான் சொல்வோம்."

அவர் மூட்டை குலுங்கச் சிரித்தார். திருமயம் தாண்டும்வரை, "பாம்புங்கிறாரு, பாம்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டுடியோவில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். "நாளைக்கு உறையூரில் ஒரு கல்யாணம் பிடிக்கணும்" என்போம். இருபது வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபமாக மாறாது.

காரைக்குடியில் பத்தே முக்காலுக்கு இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு காபி. காபி நன்றாக இருந்தது. அங்கிருந்து குன்றக்குடி வழியாகப் போகும் பஸ். நாச்சியாபுரத்தில் என்னை இறக்கிவிட்டபோது உச்சிவெயில்.

சோலைமலை சைக்கிளோடு நின்றிருந்தார். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பொன்மலை ஒர்க்‌ஷாப் முருகேசனின் அண்ணன். முருகேசன்தான், "எங்க ஊர்க் கண்மாயில நாரை கூடு கட்டியிருக்கு சார், எங்க அண்ணன் வீட்டுல தங்கிக்கலாம்" என்று என்னைக் கிளப்பிவிட்டவர். அண்ணனுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. முன்பல் ஒன்று இல்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்றும் என் பையைப் பிடுங்கி சைக்கிளில் கட்டினார்.

"வாங்கண்ணே. தம்பி சொல்லி விட்டிருந்தான். என்ன வேணும்னாலும் எங்ககிட்ட வாய்விட்டுக் கேக்கணும். கூச்சப்படக் கூடாது, ஆமா."

கண்மாய்க் கரைமேலேயே நடந்தோம். இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் தண்ணீர். வயல்களில் நெல் கதிர் விட்டு நின்றது. தண்ணீருக்குள் கருவேல மரங்கள். மரம் முழுக்க நாரைகள். கிளையெல்லாம் எச்சம் விழுந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அந்தச் சத்தமும் நாற்றமும் வேறு. காவிரிக்கரையில் ஒரு மீன்கொத்திக்காக நாள் முழுக்கக் கிடப்பவன் நான். இங்கே ஒரே மரத்தில் முப்பது கூடு.

"யாரும் அடிச்சுத் தின்ன மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வெளிய மேயறதை நரிக்குறவுக கண்ணி வச்சுப் பிடிப்பாக, நாங்களும் வாங்கித் திம்போம். பொய் சொல்லக்கூடாது. ஆனா கூட்டுல இருக்கறதைத் தொடமாட்டோம்." கீழே ஓடிய வாய்க்காலைக் காட்டினார். "இது எச்சம் கரைஞ்ச தண்ணிண்ணே. இதுக்கு மேல உரம் வேண்டாம். கூட்டுப் பறவையைத் தொட்டவனுக்கு மடைத்தண்ணி கிடையாது. தன் வாய்க்காலைத் தன் கையாலேயே அடைச்சுக்கிடணும். அந்தக் கூட்டுக் குஞ்சு பறந்து போனாத்தான் திறக்கலாம்."

"குஞ்சு செத்துட்டா?"

"அந்தப் போகம் பூராவும் கிடையாது. எங்க அப்பன் காலத்துல ஒருத்தன் தொட்டான். அரிசி பிடிக்காத வெறும் கருக்காயத்தான் அறுத்தான்."

அவருடைய ஒன்றரை ஏக்கரையும் காட்டினார். கதிர் பால் பிடிக்கிற சமயம், இன்னும் இருபது இருபத்தைந்து நாள் தண்ணீர் நின்றால் போதும், நெல் வீட்டுக்கு வந்துவிடும் என்றார். ஒரு கதிரைக் கிள்ளி நெல்லை நசுக்கி என்னிடம் நீட்டினார். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே கண்மாயில் இறங்கிவிட்டேன். என் வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சாயம் போன ஒரு காவித் துண்டைச் சோலைமலை கொடுத்தார். இடுப்பளவு தண்ணீர். ஒரு மரம் பட்டுப்போய்ச் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன். கூட்டுக்கு இதற்குமேல் கிட்டே போகக்கூடாது. போனால் தாய் பறந்துவிடும், காக்கை வந்து குஞ்சைக் கொத்தும். பறவைப் படத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் போவதற்கு லென்ஸ் இருக்கிறது. நம் காலை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும்.

நான் பார்த்துவைத்த கூடு ஒரு சாம்பல் நாரையுடையது. மூன்று குஞ்சுகள். தலையில் முடி குத்திட்டு நிற்க, கலகக்காரப் பயல்கள் மாதிரி இருந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறி வந்தன. அதில் ஒன்றை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அதன் வலது காலில், முட்டிக்குச் சற்று மேலே, ஒரு முடிச்சு. எப்போதோ ஒடிந்து தானாகக் கூடின எலும்பு. இருநூறுக்கு இழுத்துப் பார்த்தபோது அந்த முடிச்சு பாக்கு அளவுக்குத் தெரிந்தது. கிளையில் இறங்கும்போது அந்தக் காலை ஒரு விநாடி தாமதித்துத்தான் ஊன்றும். வந்து நின்றதும் குஞ்சுகள் அதன் அலகைக் குறுக்காகக் கவ்வித் தொங்கும். அது கழுத்தை வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தின்றதையெல்லாம் கக்கிக் கொடுக்கும்.

ஒன்பது மணிக்குள் ரோல் முழுக்கத் தீர்ந்துவிட்டது. உட்கார்ந்திருப்பது, ஊட்டுவது எல்லாம் கிடைத்தது. அது சிறகை விரித்து இறங்குவது மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு தடவை குழல் சரிந்து கெடுத்தது. ஒரு தடவை நான் தும்மிவிட்டேன்.

கரைக்கு வந்து கேமராவைச் சோலைமலையிடம் கொடுத்தேன். அவர் குழலை இழுத்தார். "அடேயப்பா! கண்ணு மஞ்சளா இருக்கே!" என்று கத்தினார். பிறகு விலக்கினார், மறுபடி இழுத்தார். சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார்.

"கால்ல முடிச்சு இருக்குல்ல, அது தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுண்ணே."

"அதுதான் எனக்கு வேணும். பெட்டி நிறைஞ்சு போச்சு, ஆனா மனசு நிறையலை. அதைப் பிடிக்காம நான் திருச்சிக்குப் போறதில்லை."

கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்புட்டு ஆசையாண்ணே?"

"ராத்திரி தூக்கமே வரலைய்யா."

"கூட்டுப் பறவையாச்சே."

"அதனாலதானே வேணுங்கிறேன்! கூட்டுல இல்லாததை எவன் கேட்டான்?"

அவர் கரையிலிருந்த புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். பிறகு, "சரி. நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் காரைக்குடிக்குப் பிலிம் வாங்கக் கிளம்பினேன்.

காரைக்குடியில் பிலிம் இருந்த ஒரே கடையில் ரோலுக்குத் திருச்சியைவிட மூன்று ரூபாய் அதிகம் கேட்டான். சண்டை போட்டுவிட்டு, கேட்டதைக் கொடுத்து வாங்கினேன். திரும்பி வந்து சேர இரண்டரை மணி. பசி காதை அடைத்தது.

இலை போட்டுத் தயாராக இருந்தது. சோலைமலையின் மனைவி செல்லம் சோற்றைப் போட்டு, கறுப்பாகக் கறிக்குழம்பை ஊற்றினாள். மிளகும் சோம்பும் நல்லெண்ணெயும் மூக்கைத் துளைத்தன. கறி கொஞ்சம் விறைப்பு. லேசாக மீன் வாடை. ஆனாலும் நன்றாக இருந்தது. நான் வெட்கமில்லாமல் தின்றேன்.

"என்ன கறிம்மா, வாத்தா?"

செல்லம் தலையை நிமிர்த்தவில்லை. சோலைமலை பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "தின்னுங்கண்ணே. நல்லா தின்னுங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் இலை போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை ஊற்றியபோது தொடைத்துண்டு ஒன்று விழுந்தது. எடுத்துக் கடித்து இழுத்தேன். கறி கழன்று எலும்பு கையில் வந்தது. எலும்பின் கீழ் முனையில், மூட்டுக்குச் சற்று மேலே, ஒரு முடிச்சு. பாக்கு அளவு.

எனக்கு முதலில் புரியவில்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது. தெரிந்தவர் முகத்தை வேற்றூரில் பார்த்தால் பெயர் வராதே, அந்த மாதிரி. எலும்பைத் திருப்பிப் பார்த்தேன். விரலால் அந்த முடிச்சைத் தடவினேன். காலையில் இதைக் கிளையில் ஊன்றும்போது அது ஒரு விநாடி தாமதித்தது ஞாபகம் வந்தது. வாயில் இன்னும் மெல்லாத கறி இருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கொல்லைப்பக்கம் ஓடி எல்லாவற்றையும் கக்கினேன். குஞ்சுகளுக்கு அது கக்கிக் கொடுத்ததை மூன்று மணி நேரம் பார்த்தவன், அதையே தின்று கக்கிக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து கத்தினேன். "யோவ், என்னய்யா செஞ்சே?"

சோலைமலை பயந்துபோய் எழுந்து நின்றார். "என்னண்ணே, உப்புக் கூடிப் போச்சா?"

"இது அந்த நாரை! அந்த நாரையை அடிச்சியா நீ?"

"அடிக்கலண்ணே. கண்ணி வச்சுத்தான். நீங்கதானே கேட்டீக!"

"நான் படம்யா கேட்டேன்! படம்!"

"படந்தான் காலையில இருந்து சடக்கு சடக்குன்னு எடுத்தீகளே. பெட்டி நிறைஞ்சு போச்சு, மனசு நிறையலைன்னு உங்க வாயாலதானே சொன்னீக? அதுக்கு மேலயும் அதைப் பிடிக்காமப் போகமாட்டேன்னா, வேற எதுக்குன்னு நான் நினைக்கிறது?"

செல்லம் மூலையிலிருந்து சொன்னாள்: "கூட்டுப் பறவை வேண்டாம், வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வாயைத் திறந்து கேட்ட மனுசனுக்கு இல்லைங்கவான்னு இவுக போயிட்டாக."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். "கூட்டுல இருக்கறதைத் தொட்டா மடைத்தண்ணி கிடையாதுன்னு நேத்து நீதானேய்யா சொன்னே! நீயே கண்ணி வைப்பியா?" என்று அலறினேன்.

சோலைமலை இரண்டு கையையும் தூக்கினார். "மெதுவாண்ணே. மெதுவா." பக்கத்து வீட்டில் உரலிடிக்கும் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் சுவருக்கு மேலே தலையை நீட்டி எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த இலையை எடுப்பதற்குள் மடைக்காரர் வந்துவிட்டார். வெள்ளைச்சாமி என்று பெயர். கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் அவர் வேலை. சோலைமலைக்குச் சித்தப்பா முறை. வாசற்படியில் நின்று என் இலையையே பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"ஸ்டுடியோக்காரரே, என்ன கறி தின்னீக?"

எனக்குப் பொய் பேசத் தெரியாது. பேசினால் மாட்டிக்கொள்வேன். ஆனால் அந்த நிமிஷம் நேற்று விரலில் ஒட்டிய நெல்லுப்பால்தான் கண் முன்னால் வந்தது. "கோழி" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவரைக் கேக்காதீக சித்தப்பு" என்றார் சோலைமலை. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணி வச்சது நான்."

வெள்ளைச்சாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இது அடிதான் என்பது பார்த்தாலே தெரிந்தது. "ஏண்டா, பால் பிடிக்கிற நேரம்டா இது" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்சே?"

"குழம்பு வச்சுத் தின்னுட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். இவரு எலும்பைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிப்பாருன்னு எனக்கு என்ன தெரியும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

நான் பணம் கட்டுகிறேன் என்றேன். வெள்ளைச்சாமி தலையை ஆட்டினார். "நாரைக்கு விலை வச்சா, நாளைக்குக் காசுள்ளவன் எல்லாம் சட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பான்."

"தப்பு என் பேச்சுலய்யா. என்னைத் தண்டிங்க."

"உங்களுக்கு இங்குட்டு வயல் இருக்கா?"

"இல்லை."

"அப்ப உங்களை நாங்க என்ன செய்ய?"



மாலை ஐந்து மணிக்குச் சோலைமலை மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். வெள்ளைச்சாமியும் ஊரில் ஏழெட்டுப் பேரும் வரப்பில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சோலைமலை வாய்க்காலில் இறங்கி, தன் வயலுக்குள் தண்ணீர் திரும்புகிற வாயில் களிமண்ணை அள்ளி வைத்தார். நான் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நீங்க தொடாதீக" என்றார்.

அவசரமாக நாலு கை மண்ணைப் போட்டுவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. மண்ணை மிதித்தார், தட்டினார், விரலால் ஓட்டைகளைத் தேடித் தேடிப் பூசினார். வீட்டுச் சுவர் பூசுகிற மாதிரி. கடைசியில் ஒரு ஓரத்தில் லேசாகக் கசிந்தது. வெள்ளைச்சாமி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சோலைமலை திரும்பவும் குனிந்து அதையும் அடைத்தார். தண்ணீர் அடுத்தவர் வயலுக்கு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சோலைமலை வீட்டில் இல்லை. கண்மாய்க்குப் போனேன். அவர் கூட்டு மரத்துக்கு எதிரே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஓரமாக ஆழமில்லாத இடத்தில் களிமண்ணால் வட்டமாக ஒரு பாத்தி கட்டியிருந்தார். அதற்குள் ஊத்தாவைப் போட்டுப் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தார். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. தண்ணீரில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை அள்ளுவார்கள்.

லென்ஸை இழுத்துக் கூட்டைப் பார்த்தேன். குஞ்சுகள் மூன்றும் இருந்தன. சின்னது கழுத்தைக் கூட்டின் விளிம்பில் போட்டுக் கிடந்தது. ஜோடி நாரை எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

"விடிஞ்சதுல இருந்து ஒரே ஒரு தரம்தான் வந்துச்சுண்ணே" என்றார் சோலைமலை. "முன்ன ரெண்டும் மாத்தி மாத்தி மேயப் போகும். இப்ப ஒத்தையா எவ்வளவு தூரம் பறக்கும்? அதான் மீனைக் கிட்டயே கொண்டாந்து வச்சிட்டேன். இறங்க மாட்டேங்குது."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. "நீ நின்னா எப்படிய்யா இறங்கும்? நேத்து கண்ணி வச்ச ஆளை அதுக்குத் தெரியாதா? வெளியே வா!"

அவர் மறுபேச்சுப் பேசாமல் கரையேறினார். கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி இருவரும் குப்புறப் படுத்தோம். தலை மட்டும் மேலே. அவர் மேலெல்லாம் சேறு. வயலுக்குத் தண்ணீர் திரும்ப வேண்டுமானால் அந்த மூன்று குஞ்சும் பறக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் வயலைத் திரும்பியே பார்க்கவில்லை. கூட்டில் கிடந்த அந்தச் சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரை மணி இருக்கும். பனைமரத்திலிருந்து அது கிளம்பியது. கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றியது. பாத்திக்குத் தள்ளி இறங்கி நின்றது. ஒரு அடி வைத்தது, நின்றது. மண்வரப்பைச் சந்தேகமாகப் பார்த்தது. சோலைமலை மூச்சுவிடவில்லை. பிறகு கழுத்து ஒரு தடவை பாய்ந்தது. கெண்டை மின்னியது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவதை விழுங்கிவிட்டு எழும்பி, சிறகை முழுக்க விரித்து, வெயில் இறகுகளுக்குள் ஊடுருவி வர, கூட்டின்மேல் இறங்கியது. நேற்று நான் மூன்று மணி நேரம் தண்ணீரில் நின்று தவறவிட்ட அதே மாதிரி.

எடுக்காமல் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும். நான் எடுத்தேன். ஐந்து படம். குழல் சரியவில்லை, கை ஆடவில்லை.

சின்னதுக்கும் தீனி கிடைத்ததா என்று சோலைமலை கேட்டார். கேமராவை அவரிடமே கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார். "அலகைக் கவ்விருச்சு" என்றார்.

ஒன்பதரை மணி பஸ்ஸுக்கு நாச்சியாபுரம் வந்தோம். சைக்கிளில் என் பையைக் கட்டி அவரே தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டு தடவையும், "அந்த வண்டிக்கு ஒதுங்குங்கண்ணே", "பள்ளம் இருக்கு பாத்து வாங்கண்ணே" என்று பேச்சை மாற்றினார். பஸ் வந்ததும் பையை எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணே, இனிமே எங்க ஊருக்கு வந்தா எதையும் வேணும்னு மட்டும் சொல்லிராதீக. நாங்க செஞ்சு தொலைச்சிருவோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருச்சிக்கு வந்தேன். எங்கள் ஊரில் காவிரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், கொக்கையும் நாரையையும் அடித்துச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். அவர்களை ஒருத்தனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர்களில் ஒருவனாவது, "கண்ணி வச்சது நான்" என்று தானாக முன்வந்து சொல்லி, தன் சோற்றைத் தன் கையால் அடைத்துக்கொள்வானா? நான் செய்வேனா? என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மாசிக் கடைசியில் முருகேசன் ஊருக்குப் போய்விட்டுவந்து ஸ்டுடியோவுக்கு வந்தார். சின்னது செத்துப்போயிற்று, மற்ற இரண்டும் பறந்துவிட்டன என்றார். ஒரு குஞ்சு செத்ததற்காகப் போகம் முழுக்க அடைக்கவேண்டுமா என்று ஊர் கூடிப் பேசியதாம். கடைசியில், அந்த இரண்டும் பறந்த அன்றே வெள்ளைச்சாமி திறக்கச் சொல்லிவிட்டாராம். ஆனால் அதற்குள் வயலில் பாதிக்கு மேல் பதராகிவிட்டது. இந்த வருஷம் வீட்டுச் சாப்பாட்டுக்கே வெளியில் நெல் வாங்கவேண்டும்.

"அண்ணன் என்னைத் திட்டினாரா?" என்று கேட்டேன்.

"இல்லையே சார்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"கேட்டார். படம் நல்லா வந்துச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. இருபது வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முருகேசன் தினமும் காம்பவுண்டில் என்னைப் பார்க்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.